உதவி: 2011 ஆர் 1200 ஜிஎஸ்ஸுக்கு கம்பெனி அலாரம் இப்போ போடலாமா, வேண்டாமா?

தறிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். லண்டன்ல இலஃபோர்ட் பக்கம் இருக்கேன். வண்டி பிஎம்டபிள்யூ ஆர் 1200 ஜிஎஸ், 2011, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. முதல் ஓனர் புதுசா எடுக்கும்போது கம்பெனி அலாரம் ஆப்ஷனை எடுக்கல. சரியான சாவி இல்லாம எஞ்சினை ஸ்டார்ட் பண்ண விடாத இம்மொபிலைசர் மட்டும் இருக்கு.

போன வாரம் காலைல கீழ வந்து பார்த்தா கவர் தரையில கிடக்கு. ஹேண்டில் லாக் உடைஞ்சு, ஹேண்டில் ரெண்டு பக்கமும் சும்மா திரும்புது. முன் சக்கரத்து பிரேக் டிஸ்க்ல பூட்டு (டிஸ்க் லாக்) போட்டிருந்தேன், அதனால உருட்ட முடியாம விட்டுட்டுப் போயிருக்காங்க போல. டிஸ்க் லாக் உடம்புல ரெண்டு மூணு அடி விழுந்த தடம் இருக்கு.

அலாரம் இருந்திருந்தா அவனுங்க கையையே வச்சிருக்க மாட்டானுங்கன்னு வீட்டுல சொல்றாங்க. ஒரு ஒர்க்ஷாப்ல கேட்டேன். பார்ட், மாட்டுற கூலி, கோடிங் எல்லாம் சேர்த்து 350 பவுண்ட் பக்கம் வரும்னாங்க. அதே யூனிட் ஆன்லைன்ல உடைச்ச வண்டியில இருந்து எடுத்தது மூணுல ஒரு பங்கு விலைக்குக் கிடைக்குது. அதை வாங்கி நானே மாட்டினா வேலை செய்யுமா? இன்சூரன்ஸ் குறையுமா? வண்டி பெரும்பாலும் சனி ஞாயிறுதான் ஓடும், பேட்டரி இறங்கிடுமா?

ராத்திரி நிறுத்துறது ஃபிளாட்டோட திறந்த கார் பார்க்ல. நான் மூணாவது மாடி, ஜன்னல் எல்லாம் மறுபக்கம்.

கராஜ் அண்ணை:
தம்பி, அலாரத்தைப் பிறகு பாப்பம். முதல்ல இக்னிஷன் பரலை, அதான் சாவி போடுற உருளையை, ஆரிட்டையும் காட்டுங்கோ. ஹேண்டிலை முறுக்கி லொக்கை உடைச்சவன் சாவி ஓட்டைக்குள்ளயும் எதையாவது விட்டு நோண்டியிருப்பான். உங்கட வண்டியில அந்த ஓட்டையைச் சுத்தி வளையம் மாதிரி ஒரு ஆன்டெனா இருக்கு. சாவிக்குள்ள இருக்கிற சிப்பை வாசிக்கிறது அதுதான். அதில அடிபட்டிருந்தால் இண்டைக்கு ஓடும், நாளைக்கும் ஓடும், ஒருநாள் பெற்றோல் ஷெட்டில நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணேக்க டிஸ்பிளேல ஈடபிள்யூஎஸ் (இம்மொபிலைசர் பிழை) எண்டு வந்து நிண்டிடும்.

இனி அலாரம். அது என்ன செய்யும் எண்டு சரியா விளங்கிக்கொள்ளுங்கோ. ஆரும் வண்டியை அசைச்சால், சாய்ச்சால், பிழையான சாவியைப் போட்டால், பற்றரி வயரைக் கழட்டினால் அரை நிமிசமளவில கத்தும், இண்டிகேட்டர் மின்னும். திரும்ப அசைச்சால் திரும்பக் கத்தும். அவ்வளவுதான் அதின்ர வேலை. எஞ்சினை ஸ்டார்ட் பண்ண விடாமல் தடுக்கிறது இம்மொபிலைசர். அது உங்களிட்ட ஏற்கெனவே இருக்கு. அலாரம் போட்டாப்போல அது இன்னும் பலமாகாது.

பழைய யூனிட் விசயம்: சீட்டைக் கழட்டிப் பாருங்கோ. அலாரம் எடுக்காத வண்டியளிலயும் அதுக்கான பிளக்கை வயரிங்கிலயே விட்டிருப்பினம், மூடி போட்டுச் சும்மா இருக்கும். கொழுவுறது பத்து நிமிச வேலை. ஆனால் கொழுவினவுடன வேலை செய்யாது. இந்த வண்டிக்கு அலாரம் இருக்கு எண்டு டீலரின்ர கருவியால வண்டிக்குச் சொல்லவேணும். அதோட ரிமோட் இல்லாமல் வாற யூனிட்டை வாங்காதேங்கோ. 2013ல இருந்து வந்த வாட்டர் கூல்ட் மொடலின்ர சாமான் உங்கட வண்டிக்குச் சரிவராது. சேசிஸ் நம்பரின்ர கடைசி ஏழு எழுத்தைக் குடுத்தால் பாட்ஸ் கவுண்டரில சரியான நம்பர் சொல்லுவினம். அதோட ஒத்துப் பாத்து வாங்குங்கோ.

மழைக்கோட்டுக்காரி:
நான் கிராய்டன். அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த ஊரில் வண்டி எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஒரு ஸ்கூட்டரில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவன் ஹேண்டிலை உதைத்தோ முறுக்கியோ லாக்கை உடைப்பான். பிறகு திருடும் வண்டியில் அவன் ஏறி உட்கார்ந்துகொள்ள, மற்றவன் பின்னாலிருந்து ஸ்கூட்டரை ஓட்டியபடியே காலால் தள்ளிக்கொண்டு போவான். எஞ்சினே ஸ்டார்ட் ஆக வேண்டியதில்லை. அல்லது வேன் கொண்டுவந்து நாலு பேர் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இரண்டிலும் இம்மொபிலைசருக்கு வேலையே இல்லை. அலாரம் கத்தும், ஆனால் முதல் திருப்பத்தைத் தாண்டியதும் அந்தச் சத்தத்தைக் கேட்டு யார் ஓடி வரப்போகிறார்கள்?

உங்கள் வண்டியை அன்றைக்குக் காப்பாற்றியது டிஸ்க் லாக். சக்கரம் உருளவில்லை, விட்டுவிட்டார்கள். அதை வைத்து யோசியுங்கள்.

மூன்றாவது மாடி, மறுபக்க ஜன்னல் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கத்தினால் உங்களுக்குக் கேட்காது, கீழ் வீட்டுக்காரருக்குக் கேட்கும். அவர் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு திரும்பிப் படுப்பார். காலையில் உங்களைத்தான் திட்டுவார். கவர் போட்டு வைக்கிறீர்கள் வேறு. காற்றில் அது பாய் மாதிரி உப்பி வண்டியை ஆட்டும். அசைவு சென்சாருக்கு எது காற்று, எது திருடன் என்று தெரியாது.

இன்சூரன்ஸைப் பற்றி: இம்மொபிலைசர் மட்டும் என்றால், வண்டிப் பாதுகாப்பைச் சோதித்துத் தரம் பிரிக்கும் தாட்சம் அமைப்பின் கேட்டகரி 2, அலாரமும் இம்மொபிலைசரும் சேர்ந்திருந்தால் கேட்டகரி 1. அலாரம் உண்டு, இல்லை என இரண்டு விதமாகவும் கொட்டேஷன் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் பின்னாடி வாங்கி மாட்டியதை எந்தக் கேட்டகரியில் எழுதுவது என்று கம்பெனியிடம் மின்னஞ்சலிலேயே கேட்டு வாங்குங்கள், போனில் வேண்டாம். அலாரம் உண்டு என்று எழுதிவிட்டால் நிறுத்தும்போதெல்லாம் அது ஆனில் இருந்தாக வேண்டும் என்று பாலிசியில் ஒரு வரி இருக்கும். அன்றைக்கு ஆஃபில் இருந்தால் க்ளெய்மில் இழுத்தடிப்பார்கள்.

போலீஸின் அவசரமில்லாத எண்ணான 101க்குச் சொல்லி கிரைம் நம்பர் வாங்கிவிட்டீர்களா? திருட்டு முயற்சி என்றாலும் இன்சூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும்.

மல்டிமீட்டர் மணி:
சென்னைல இருந்து எழுதுறேன், ஆனா இதே தலைமுறை ஜிஎஸ் ரெண்டுல கை வச்சிருக்கேன்.

கம்பெனி அலாரம் விலை ஜாஸ்தின்னு வெளி அலாரம் பக்கம் மட்டும் போயிடாதீங்க. உங்க வண்டி கேன்பஸ், அதாவது கன்ட்ரோலர்கள் எல்லாம் ஒரே ஜோடி ஒயர்ல பேசிக்கிற சிஸ்டம். இண்டிகேட்டர் ஒயரை வெட்டி வெளி யூனிட்டை ஒட்டினா, லைட்டுக்கு எவ்வளவு கரண்ட் போகுதுன்னு பார்த்துக்கிட்டிருக்கிற கன்ட்ரோலர் குழம்பி பல்ப் ஃபால்ட்னு காட்டும். அப்புறம் அதைத் தேடி ஒயரிங் முழுக்கப் பிரிக்கணும். மழைல நின்னா அந்த ஒட்டுல பச்சை பூத்துடும். கம்பெனி அலாரத்துக்கு இருக்கிற ஒரே பெரிய பிளஸ் இதுதான்: எங்கேயும் வெட்டு, ஒட்டு கிடையாது.

பேட்டரி: கணக்கு ஈஸி. வண்டி தூங்கும்போது மொத்தமா 5 மில்லி ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சுக்குங்க. ஒரு நாளைக்கு 120 மில்லி ஆம்பியர்-ஹவர். 14 ஆம்பியர்-ஹவர் பேட்டரில பாதி காலியாக ரெண்டு மாசம் ஆகும். வாராவாரம் ஓட்டுறவங்களுக்குக் கவலையே இல்ல. பேட்டரி ஏற்கெனவே கிழடா இருந்து, குளிர்காலத்துல நிறுத்தியே வச்சிருந்தா அப்போ பிரச்சினை.

இப்போ எவ்வளவு இழுக்குதுன்னு பாருங்க. நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி, மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சுல சீரிஸா மாட்டுங்க. உடனே வர்ற நம்பரை நம்பாதீங்க. கேன்பஸ் வண்டி சாவியை எடுத்ததும் தூங்காது, கொஞ்ச நேரம் முழிச்சுக்கிட்டு இருக்கும். அஞ்சு பத்து நிமிஷம் விட்டுப் பாருங்க. மீட்டர் நடுவுல இருக்கும்போது சாவியை ஆன் பண்ணிடாதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிடும்.

புல்லட் பையன்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். மணி அண்ணே, என்கிட்ட பழைய கார்புரேட்டர் புல்லட். அதுக்கும் வெளி அலாரம் வேண்டாம்னு சொல்றீங்களா?

மல்டிமீட்டர் மணி:
அதுல கேன்பஸ்ஸும் இல்ல ஒண்ணும் இல்ல, தாராளமா போடலாம் தம்பி. ஒட்டை சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போடச் சொல்லு, இன்சுலேஷன் டேப்போட விடாதே. மத்தபடி தனி இழை போடு, இங்கே அவர் விஷயம் ஓடட்டும்.

மூணாம் கியர்:
எல்லாரும் அலாரத்தை ஒரேயடியா ஓரங்கட்டுறீங்க. என் வண்டியில கம்பெனில வந்த அலாரம் இருக்கு. வெம்ப்ளில தரைத்தளம், என் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழதான் வண்டி நிக்கும். ஒரு ராத்திரி கத்துச்சு. நான் லைட்டைப் போட்டு ஜன்னலைத் திறக்கிறதுக்குள்ள ஒருத்தன் மதில் தாண்டி ஓடினான். எனக்கு அது காசுக்கு வஞ்சகம் இல்லாம உழைக்குது.

ஒண்ணு மட்டும் பார்த்துக்கணும். யூனிட்டுக்குள்ள தனியா ஒரு பேட்டரி இருக்கு, சிஆர்123ஏ, கேமராக் கடையில கிடைக்கும். மெயின் பேட்டரியைப் பிடுங்கினாலும் கத்துறது அதாலதான். அது இறங்கினா டிஸ்பிளேல டிடபிள்யூஏ (அலாரம்) லோன்னு வரும். உடைச்ச வண்டியில இருந்து வர்ற யூனிட்ல அது அநேகமா செத்துதான் இருக்கும், மாத்திடுங்க.

டோவர்ல இருந்து கலேக்கு ஃபெர்ரில போனா அசைவு சென்சாரை ஆஃப் பண்ணிட்டு லாக் பண்ணணும், ரிமோட்லயே வழி இருக்கு. பண்ணலைன்னா அலை அடிக்க அடிக்க கார் டெக் முழுக்க உங்க வண்டிதான் கத்தும். நீங்க மேல மாடில உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டு இருப்பீங்க.

தறிக்காரன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். சீட்டைக் கழட்டினேன். அண்ணை சொன்ன பிளக் இருக்கு. கறுப்பு மூடி போட்டு, ஒயரிங்கோட சேர்த்து கட்டி, மேல தூசி ஒரு படலம். மூடியை எடுத்தா உள்ள பின் எல்லாம் புதுசா பளபளன்னு இருக்கு. மீட்டர்ல முதல்ல நூத்துக்கணக்குல காட்டுச்சு, கொஞ்ச நேரத்துல 2 மில்லி ஆம்பியருக்கு வந்து நின்னுடுச்சு.

இன்சூரன்ஸ் கொட்டேஷன் ரெண்டு விதமாவும் போட்டேன். அலாரத்தால வர்ற வித்தியாசம் வருஷத்துக்கு ஒரு நேரம் ரெண்டு பேர் ஹோட்டல்ல சாப்பிடுற காசு கூட இல்ல. கிரைம் நம்பர் வாங்கியாச்சு.

அப்போ 350 பவுண்டை வேற எதுல போடறது? தரையில ஆங்கர் அடிக்க ஃபிளாட் நிர்வாகம் அனுமதி தர மாட்டேங்கிறாங்க, கேட்டுப் பார்த்துட்டேன்.

மழைக்கோட்டுக்காரி:
சங்கிலி, குறைந்தது 16 மில்லிமீட்டர். அதற்குக் கீழே இருப்பதைக் கையால் வெட்டும் கத்தரியே முடித்துவிடும். பூட்டுகளைச் சோதித்துத் தரம் கொடுக்கும் சோல்டு செக்யூர் அமைப்பின் மோட்டார் சைக்கிள் பட்டியலில் கோல்டு அல்லது டயமண்ட் பார்த்து வாங்குங்கள். இரும்பு வெட்டும் கிரைண்டர் கொண்டு வந்தால் சாதாரணச் சங்கிலி எதுவும் நிமிடக்கணக்கில்தான் தாங்கும். லைட்லாக் எக்ஸ் 3, ஹிப்லாக் டி 1000 போன்றவை கிரைண்டருக்கென்றே செய்தவை, கிரைண்டரின் வெட்டும் வட்டை அந்த லாக்கே தின்றுவிடும். விலை உங்கள் அலாரக் காசுக்குள் அடங்கும். ஆனால் வளையம் சின்னது, ஜிஎஸ்ஸில் எங்கே நுழையும் என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

ஆங்கர் இல்லையென்றால் பக்கத்தில் இன்னொரு வண்டி நிற்கிறதா? இரண்டையும் சேர்த்துக் கட்டினால் வேனில் தூக்குவது பெரிய பாடு.

மேல்மாடிக்குச் சத்தம் வேண்டுமென்றால் அலாரத்தைவிட டிராக்கர்தான் பொருத்தம். வண்டி அசைந்தால் உங்கள் போன் அடிக்கும். வருடச் சந்தா உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள்.

கராஜ் அண்ணை:
தங்கச்சி சொல்றது சரி. சங்கிலி போடுற இடத்தில மட்டும் கவனம் தம்பி. உங்கட வண்டியின்ர பின் சில்லு அஞ்சு போல்ட்டில நிக்குது, கார்ச் சில்லு மாதிரி. சில்லுக்குள்ளால மட்டும் சங்கிலியை விட்டால் சில்லைக் கழட்டி வைச்சிட்டு மிச்சத்தை வேனில ஏத்துவாங்கள். ஃபிரேமையும் சேத்துக் கட்டுங்கோ. சங்கிலி நிலத்தில கிடக்கவும் விடாதேங்கோ. நிலத்தில கிடந்தால் கத்தரியின்ர ஒரு கையை நிலத்தில ஊண்டி, மற்றக் கையில ஏறி நிண்டு வெட்டுவாங்கள். அந்தரத்தில இறுக்கமா இருக்கவேணும்.

தறிக்காரன்:
கீழ் வீட்டுல ஒரு போலந்துக்காரர் 125 ஸ்கூட்டர் வச்சிருக்காரு. பேசிட்டேன், அவருக்கும் சந்தோஷம், ஆளுக்கொரு சாவி. சங்கிலியும் பின்னாடி சக்கரத்துக்கு இன்னொரு லாக்கும் ஆர்டர் போட்டாச்சு. டிராக்கர் அடுத்த மாசம். அலாரம் இப்போதைக்கு இல்ல. தரைத்தளத்துக்கு வீடு மாறினா அந்த பிளக் அங்கேயேதான் இருக்கப் போகுது.

அண்ணை, சனிக்கிழமை உங்க கராஜ்க்கே வண்டியை எடுத்துட்டு வரட்டுமா? இக்னிஷன் பரலைப் பார்த்துடலாம்.

கராஜ் அண்ணை:
வாங்கோ. பத்து மணிக்குப் பிறகு வாங்கோ, அதுக்கு முதல் எம்ஓடி எண்ட வருசாந்தச் சோதனைக்கு வந்த வண்டியள் நிக்கும். வரேக்க ரெண்டு சாவியையும் கொண்டு வாங்கோ. ஒண்டை மட்டும் கொண்டு வந்தால், பிழை சாவியிலயோ ஆன்டெனாவிலயோ எண்டு பிரிச்சுப் பாக்க ஏலாது.