மறு: ஒப்புமைவழிச் சிந்தனைக்கு என்ன சொல்?

அன்பர்களே,

உளவியல் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றோடுள்ள ஒப்புமையைக் கொண்டு இன்னொன்றைப் புரிந்துகொள்ளும் சிந்தனைக்கு (analogical thinking) இங்கே வந்த சொற்களில் 'உவமான அளவை' வேண்டாம். ஐயா சொன்னதுபோல் மணிமேகலையிலேயே உவமம் ஓர் அளவையாக, அதாவது அறியும் வழியாக, வந்துவிட்டது, சரி. ஆனால் அந்த அளவையில், கவயமா என்ற காட்டு விலங்கு பசுவைப் போலிருக்கும் என்று கேள்விப்பட்டவன், காட்டில் பார்த்ததும் அதை அடையாளம் கண்டுகொள்கிறான். தோற்றம் ஒத்தால் அங்கே போதும். நம் பாடத்துக்கு அது போதாது.

உளவியலாளர் டுங்கரின் புதிரையே பாருங்கள். வயிற்றில் கட்டி. கதிரை வலுவாகப் பாய்ச்சினால் நல்ல திசுவும் கெடும், மெலிதாகப் பாய்ச்சினால் கட்டி சாகாது. கட்டியை எப்படி அழிப்பது? 1980இல் உளவியலாளர்கள் கிக்கும் ஹோலியோக்கும் இதைக் கேட்பதற்கு முன் ஒரு கதையைப் படிக்கக் கொடுத்தார்கள்: பாதையெல்லாம் கண்ணிவெடி, பெரும்படை போனால் வெடிக்கும், தளபதி படையைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பல பாதைகளில் அனுப்பி ஒரே நேரத்தில் கோட்டையில் சேர்க்கிறான். கதையைப் படித்தும் பலருக்கு விடை தட்டுப்படவில்லை, 'அந்தக் கதை உதவும்' என்று சொன்ன பிறகே பெரும்பாலோர் பிடித்துக்கொண்டார்கள். மெலிந்த கதிர்களைப் பல திசைகளிலிருந்து கட்டியில் குவிப்பதே விடை. படைக்கும் கதிருக்கும் உருவில் ஒற்றுமை ஏது? பிரித்து அனுப்பி ஓரிடத்தில் குவிப்பது என்ற உறவுதான் ஒத்துப்போகிறது.

தொல்காப்பியர் உவமத்துக்கு வினை, பயன், மெய், உரு என நான்கு அடிப்படை சொன்னாரே! மெய் என்பது வடிவு, உரு என்பது நிறம். கவயமா அந்தப் பக்கம். கோட்டைக் கதை வினை, பயன் பக்கம். 1983இல் உளவியலாளர் கெண்ட்னர் தோற்ற ஒப்பையும் உறவு ஒப்பையும் பிரித்துக் காட்டியதைப் படித்தபோது எனக்குத் தொல்காப்பியத்தின் உவமவியல்தான் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றே என்று சொல்ல வரவில்லை, ஆனால் மாணவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

இன்னொரு பரிந்துரையான 'போன்மை' இலக்கணப்படி சரியே, 'மேல்' 'மேன்மை' ஆவதுபோல 'போல்' 'போன்மை' ஆகிறது. ஆனால் அதே வேரில் பிறந்த 'போலி' இன்று கள்ளச்சரக்கு என்றுதானே காதில் விழுகிறது? அப்புறம், பாதிப்பேர் அதைப் 'பொன்மை' என்று படிப்பார்கள்.

தலைப்பில் 'ஒப்புமைவழிச் சிந்தனை' என்றே இருக்கட்டும். பெரும்பாலோர் அதைத்தான் கேட்கிறார்கள், எல்லோரும் களைத்தும் போயிருக்கிறோம். உள்ளே மட்டும், உறவு ஒப்பைக் குறிக்க 'உறவொப்பு' என்ற சொல் வேண்டும், அதை நான் விடுவதாக இல்லை. 'உறவு' என்றால் சொந்தபந்தம்தான் நினைவுக்கு வரும் என்ற அம்மா, வேறொரு சொல்லோடு வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.