அப்பாவின் மனச்சுமை, பிள்ளையின் அடம்: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

பள்ளத்தூர்க்காரன்:
தங்கையின் வளைகாப்பு. வளவு முழுக்கப் பெண்கள். மாப்பிள்ளை முகப்பில் தூணோரம் உட்கார்ந்திருந்தார், கையில் கவுனி அரிசிக் கிண்ணம். ஒரு வாய்கூட வைக்கவில்லை. தேங்காய்த் துருவலைக் கரண்டியால் ஓரம் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். “கண்ணை மூடினால் நெஞ்சு படபடக்கிறது மச்சான்” என்றார். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், “பெறப்போகிறவள் அவள், உனக்கென்னப்பா நோவு?” என்று சொல்லிவிட்டார். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனவர், அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மருமகனுக்கு இப்போது மூன்று வயது. கடிக்கிறான், தரையில் புரண்டு அழுகிறான். நார்வேயில் முப்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வந்தது. கர்ப்பத்தின் 17, 18ஆம் வாரத்தில் அப்பாவுக்கு மன உளைச்சல் அதிகம் இருந்தால், மூன்று வயதில் பிள்ளையிடம் நடத்தைச் சிக்கல்கள் கூடுதலாகத் தெரிகின்றன என்கிறது. படித்ததிலிருந்து அந்தக் கிண்ணம்தான் கண்ணில் நிற்கிறது.

தேவகோட்டை ஆச்சி:
மூன்று வயதில் கடிக்காத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? நான் இரண்டாமவனைச் சுமந்தபோது கடையில் கடன். இவர் விடிய விடிய வீட்டுப் பட்டாலையில் நடப்பார். அந்தப் பிள்ளைதான் எங்கள் வீட்டிலேயே சாது. மாப்பிள்ளை தலையில் பழி போடாதீர்கள் தம்பி.

கானாடுகாத்தான் வாசகர்:
ஆச்சி, பழி யாரும் போடவில்லை. தொடர்பு என்றுதான் ஆய்வு சொல்கிறது. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. தாயின் மனநிலையைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு இருந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். என் மனைவிக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஒரு நர்ஸ், “நீங்கள் சாப்பிட்டீர்களா சார்?” என்று கேட்டார். வாசல் வரைக்கும் வந்து அழுதேன். அவ்வளவுதான் என் கதை.

பள்ளத்தூர்க்காரரே, மாப்பிள்ளையிடம் இப்போதாவது பேசுங்கள். கர்ப்ப காலத்திலும் பேறுக்குப் பின்னும் அப்பாக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் கணக்கிட்டார்கள். ஆண்களிடம் அது பல நேரம் அழுகையாகத் தெரியாது. எரிச்சலாக, குடியாக, வீட்டுக்கு வராமல் வேலையிலேயே கிடப்பதாகத் தெரியலாம். தூக்கம் எப்படி, பசி எப்படி என்று தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். 14416 அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண். இலவசம், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். பிள்ளையையும் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:
எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஆனால் எங்கள் வீட்டு ஆண்களைக் கேட்டால் “ஒன்றுமில்லை” என்று எழுந்து போய்விடுவார்களே, அதற்கென்ன செய்வது?