'முரட்டு மீன்' பொருந்துமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் தூண்டில்காரர்கள் வழங்கும் 'கோர்ஸ் ஃபிஷ்' என்னும் தொகுப்புப் பெயருக்கு முரட்டு மீன், சாதா மீன், நன்னீர் மீன் என மூன்று சொற்கள் இந்த இழையில் வந்துள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

முதலாவது, 'கோர்ஸ்' (coarse) என்பதற்கு உள்ள 'முரடான' என்னும் அகராதிப் பொருளை மட்டும் பார்த்து ஆக்கியது. ரோச், பிரீம், டென்ச், சப், பார்பல், பெர்ச், பைக், கெண்டை ஆகியவை இத்தொகுப்பில் அடங்கும். இவற்றுள் டென்ச்சின் செதில்கள் மிக நுண்ணியவை. கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். அதை முரட்டு மீன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலச் சொல் மீனின் உடலைக் காட்டிலும் மனிதர் வைத்த தரவரிசையையே குறிக்கிறது: சால்மனும் டிரவுட்டும் செல்வர்களின் விளையாட்டுக்கும் விருந்துக்கும் உரியவையாக மதிக்கப்பட்டன, எஞ்சியவை தாழ்ந்த பெயரைப் பெற்றன. அந்தத் தாழ்வைத் தமிழிலும் நாம் ஏன் சுமக்க வேண்டும்?

'சாதா கெண்டை' என்பது நம் மீன்வளர்ப்பாளர்களிடையே ஒரு குறிப்பிட்ட கெண்டையின் பெயராக நிலைத்துவிட்டதால் இரண்டாவது சொல் குழப்பும். மூன்றாவதற்கு ஓர் ஆதரவு உண்டு: இங்கிலாந்தின் 1975ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே சால்மனையும் டிரவுட்டையும் விலக்கித்தான் 'நன்னீர் மீன்' என்பதை வரையறுத்தது. ஆனால் அது சட்டத்துக்குள் செல்லும் வழக்கு. நீலகிரியின் அவலாஞ்சியில் குளிர்ந்த ஓடையில் டிரவுட்டைப் பார்த்த தமிழ் வாசகர் அது நன்னீர் மீன் இல்லை என்பதை எப்படி ஏற்பார்?

உடற்கூற்றின்படி பெயரிடலாம் என்றால் அதுவும் கைகொடுக்கவில்லை. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையே உள்ள சிறிய கொழுப்புத் துடுப்பு சால்மன் குடும்பத்தின் அடையாளம். அதே துடுப்புள்ள கிரேலிங் என்னும் மீனையோ இங்கிலாந்து ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரையான தடைக்காலத்தில் மற்ற கோர்ஸ் மீன்களோடு சேர்த்தே காக்கிறார்கள். 'கெண்டையினம்' என்றால் பைக்கும் பெர்ச்சும் வெளியே நின்றுவிடும்.

ஆகவே இரையை வைத்துப் பெயரிடுவதே தக்கது என்று கருதுகிறேன். சால்மனையும் டிரவுட்டையும் இறகும் நூலும் சுற்றிய செயற்கைப் பூச்சியால் பிடிப்பதே மரபு. மற்றவற்றுக்கோ தின்னும் இரை வேண்டும். ரோச்சுக்கு ஈப்புழு, ரொட்டிப் பிசைவு, அவித்த ஹெம்ப் (கஞ்சா இனச் செடி) விதை, பார்பலுக்குத் தகர டப்பாவில் வரும் பதப்படுத்திய இறைச்சி, பெர்ச்சுக்கு மண்புழு, பைக்குக்கு மத்தி போன்ற செத்த மீன். கெண்டைக்கு மாவையும் முட்டையையும் பிசைந்து அவித்த உருண்டையைக் கோக்கிறார்கள். அவிப்பதால் அதன்மேல் உறுதியான தோல் ஏற்பட்டு, சிறு மீன்கள் கொறித்துத் தீர்ப்பது குறைகிறது. இவ்வுருண்டையை முள்ளில் குத்தாமல், அதன் அருகே மெல்லிய இழையில் தொங்கவிடும் முறை 1980களில் பரவியது. இரையை உறிஞ்சிச் சோதித்து உமிழும் கெண்டையின் பழக்கத்தைக் கவனித்து அமைத்த நுட்பம் இது. உமிழும்போது வெறும் முள் உதட்டில் தைத்துக்கொள்ளும்.

எனவே என் பரிந்துரை: இரைத்தூண்டில் மீன். இதைச் சுருக்கி 'இரைமீன்' என்று எழுதிவிடக் கூடாது; அது பிற மீன்களுக்கு இரையாகும் மீனைக் குறித்துவிடும். சால்மனும் டிரவுட்டும் அடங்கிய எதிர்த்தொகுப்புக்கு, அதாவது ஆங்கிலத்தின் 'கேம் ஃபிஷ்' (game fish) என்பதற்கு, 'இறகுத்தூண்டில் மீன்' என்று வைக்கலாம். 'வேட்டை மீன்' என்றால் பிற மீன்களை வேட்டையாடித் தின்னும் பைக்கையே வாசகர் நினைப்பார். 'ஈத்தூண்டில்' என்றால் ஈப்புழுவோடு மயங்கும். பைக்கைச் செயற்கை மீனாலும், டிரவுட்டை மண்புழுவாலும் பிடிப்பதுண்டு என்ற மறுப்பு எழும் என்பதை அறிவேன். மரபான பெரும்பான்மை வழக்கைக் கொண்டு பெயரிடுவதால் இந்த விதிவிலக்குகளை வரையறைக்குள் சொல்லிக்கொள்ளலாம்.

துணைச் சொற்களாக, தூண்டிலைச் சுற்றி நீரில் வீசுவதற்குத் 'தூவிரை', கெண்டைக்கான உருண்டைக்கு 'அவித்த இரையுருண்டை', ஈப்புழுவின் அடுத்த பருவத்துக்கு நம் பாடநூல்களில் உள்ள 'கூட்டுப்புழு' ஆகியவற்றைக் கொள்ளலாம். இனப்பெயர்களில் கெண்டையையும் விலாங்கையும் தவிர மற்றவற்றை ஒலிபெயர்ப்பாகவே வைப்பது நல்லது. ரோச்சைப் பொருள்பெயர்க்க முயன்றால் அது கரப்பான்பூச்சியில் போய் முடியும்.

அகரமுதலிக்கான வரையறையை இவ்வாறு எழுதியிருக்கிறேன். திருத்தங்கள் இருந்தால் எழுதுங்கள்:

இரைத்தூண்டில் மீன் (பெ.): பிரித்தானியத் தூண்டில் வழக்கில், சால்மனும் டிரவுட்டும் நீங்கலாக, பெரும்பாலும் தின்னும் இரையைக் கோத்துப் பிடிக்கப்படும் நன்னீர் மீன்களின் தொகுப்புப் பெயர், கிரேலிங்கும் தடைக்கால வழக்கால் இதில் சேரும்.

அன்புடன்.