மா இலைக் கொப்புளம்: உள்ளே இருப்பது கொப்புள ஈயின் புழுதானா?

கேள்வி:
மா இலைகளில் கடுகளவுக் கொப்புளங்கள் புடைத்திருக்கின்றன. ஒன்றைச் சவரத்தகட்டால் அறுத்துப் பார்த்தபோது, காலில்லாத வெளிர்மஞ்சள் புழு ஒன்று சிறு அறைக்குள் கிடந்தது. இதைக் கொப்புள ஈ (புழுப் பருவத்தில் செடிகளில் கொப்புளம் உண்டாக்கும் சிற்றீ) என்று உறுதியாகச் சொல்லலாமா?

மறுமொழி 1:
சிலந்திக்கு உறவான நுண்ணிய சிலந்திப்பேன் இல்லை என்பது உறுதி. அது உண்டாக்கும் கொப்புளத்தில் பெரும்பாலும் ஒரு திறப்பும் உள்ளே மயிர்களும் இருக்கும், பேன்களோ வெறும் கண்ணுக்குத் தெரியா. குளவிப் புழுவோ என்ற ஐயம்தான் எஞ்சுகிறது. முற்றிய புழுவின் அடிப்புறத்தை உருப்பெருக்கியில் பாருங்கள்: தலையை அடுத்த கண்டத்தில், கவை போன்ற பழுப்புநிறத் தகடு தெரிந்தால் அது ஈயின் புழுவே. சில இனங்களில் இத்தகடு இராது என்பதால், காணவில்லை என்றதும் கைவிட வேண்டாம்.

மறுமொழி 2:
கொப்புளமுள்ள இலைகளை மெல்லிய துணியால் மூடிய புட்டியில் வைத்து, ஈ வெளிவரும்வரை காத்திருப்பதே நல்லது. பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த ஈக்கு, மணி கோத்தாற்போன்ற நீண்ட உணர்கொம்புகளும், நரம்புகள் குறைந்த இரண்டே சிறகுகளும் இருக்கும். நான்கு சிறகுகளோடு மினுமினுக்கும் பூச்சி வந்தால், அது புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவியாக இருக்கலாம். (முதல்முறை நானும் ஏமாந்தேன்.)

மறுமொழி 3:
செடியின் பெயரையும் கொப்புளம் தோன்றிய உறுப்பையும் தவறாமல் குறித்துவையுங்கள். கொப்புள ஈக்களின் குடும்பத்தில் 6,000க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன, அவற்றுள் பல ஒரே செடியினத்தை மட்டுமே தாக்குபவை. செடிச்சாறு உறிஞ்சும் அசுவினிக் கூட்டத்தினிடையே ஊரும் செம்மஞ்சள் புழுக்களைக் கண்டால் மட்டும் மருந்தடிக்காதீர்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த அவை அசுவினியைத் தின்பவையாக இருக்கக்கூடும்.