பழைய இங்கிலீஷ் தட்டு ஏலத்துக்கு வந்தால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

நீலக்கிண்ணம்:
ஏலத்துக்கு முந்தின நாள் பார்வைக்கு வைத்திருக்கும்போது பெரும்பாலானவர்கள் தட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கவிழ்த்துப் பாருங்கள். அடி வளையத்தின் உள்மூலையில் கண்ணாடிப் பூச்சு சற்றே தேங்கி நிற்கும். அங்கே இளம் மஞ்சளோ பச்சை கலந்த மஞ்சளோ தெரிந்தால் அது கிரீம்வேர், அதாவது இளமஞ்சள் சாயலுள்ள மெல்லிய மண்பாண்டம். 1765-ல் ராணி ஷார்லட் ஆர்டர் கொடுத்த பிறகு இங்கிலீஷ் மண்பாண்டக்காரர் ஜோசையா வெட்ஜ்வுட் தன் கிரீம்வேருக்கு 'குவீன்ஸ் வேர்' என்றே பேர் வைத்தார். அதே மூலையில் நீலம் தேங்கியிருந்தால் அது பேர்ல்வேர், இதே மண்பாண்டத்தின் வெள்ளை வகை. மஞ்சள் சாயலை மறைத்து வெண்மையாகக் காட்ட பூச்சில் துளி கோபால்ட் சேர்த்தார்கள். மெல்லிய பரப்பில் தெரியாத அந்த நீலம், தேங்கிய இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து எடை. 18-ஆம் நூற்றாண்டு கிரீம்வேர் தட்டைக் கையில் எடுத்தால், இந்த அளவுக்கு இவ்வளவு லேசா என்று தோன்றும். விளிம்பு அவ்வளவு மெல்லிசு. அந்த லேசான எடைக்காகவே அதை நேரில் தூக்கிப் பார்க்க வேண்டும்.

களிமண்_காதலர்:
நீல அச்சுத் தட்டுகளுக்கு ஒன்று சேர்க்கிறேன். செம்புத் தகட்டில் செதுக்கி, மை பூசி, மெல்லிய தாளில் எடுத்து, ஒருமுறை சுட்ட தட்டின்மேல் அழுத்தி, தாளைக் கழுவி எடுத்துவிட்டு, பூச்சு கொடுத்து மறுபடி சுடுவார்கள். விளிம்புக் கோலத்தைத் தனிப் பட்டையாக வெட்டி ஒட்டுவதால் இரு முனையும் சேரும் இடத்தில் பூவோ இலையோ பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிக்கொண்டே தேடினால் அகப்படும். அதைக் குறையாக நினைக்காதீர்கள், கைவேலையின் தடம் அது.

சூளையில் தாங்கி நின்ற முனைகளின் வடுவும் பாருங்கள். பல தட்டுகளில் ஒரு பக்கம் மும்மூன்று புள்ளி, மறுபக்கம் ஒற்றைப் புள்ளி இருக்கும். சித்திரத்தை மட்டும் வைத்துக் காலம் சொல்லக்கூடாது. ஸ்போட் என்ற இங்கிலீஷ் நிறுவனத்தின் 'ப்ளூ இட்டாலியன்' சித்திரம் 1816-ல் வந்தது, இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது.

முத்திரை:
அடியில் 'இங்கிலாந்து' என்று இருந்தால் பொதுவாக 1891-க்குப் பிந்தையது. அமெரிக்காவின் மெக்கின்லி சட்டப்படி அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பேர் இருக்க வேண்டியிருந்தது. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுசாக இருந்தால் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டு. வடிவமைப்பைப் பிரிட்டனில் பதிவுசெய்ததைக் காட்டும் வைர வடிவ முத்திரை 1842 முதல் 1883 வரை. அதில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1867 வரை மேல் மூலையில், 1868 முதல் வலது மூலையில். இடம் மாறியதைக் கவனிக்காமல் படித்தால் ஆண்டு தப்பாகிவிடும். அந்த முத்திரைகூட வடிவம் பதிவான நாளைத்தான் சொல்லும், தட்டு செய்த நாளை அல்ல.

பேரையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். வெட்ஜ்வுட் என்ற பேரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'ஜி'க்கும் 'டபிள்யூ'வுக்கும் நடுவே ஒரு 'ஈ' கூடுதலாக இருந்தால் அது ஜோசையாவின் பட்டறை இல்லை. 'வெட்ஜ்வுட் அண்ட் கோ' என்பதும் பெரும்பாலும் வேறு ஆட்கள்.

மூளி_பார்ப்பவர்:
ஒட்டுவேலைதான் பணத்தை விழுங்கும். தட்டை மூன்று விரல் நுனியில் நிறுத்தி விளிம்பை நகத்தால் தட்டுங்கள், சந்தையில் பானை வாங்குகிற மாதிரி. மயிரிழை விரிசல் இருந்தால் ஓசை செத்துப்போகும். ஆனால் எலும்புச் சாம்பல் கலந்த பீங்கானான போன் சைனா அளவுக்குக் கிரீம்வேர் ஒலிக்காது, அதனால் ஒரே செட்டில் உள்ள தட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். டீபாட்டில் மூக்கு நுனி, மூடிக் குமிழ், கைப்பிடி ஒட்டும் இடம் மூன்றும் முக்கியம். இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் பழுதுபார்த்த பகுதி சுற்றியுள்ள பூச்சிலிருந்து வேறாகத் தெரியும். பழுதை மறைக்கப் பூசிய மேல்பெயின்ட் தொட்டால் சற்று வெதுவெதுப்பாக, வழவழவென்று இருக்கும். கண்ணாடிப் பூச்சு சில்லென்று இருக்கும்.

பூச்சில் வலைபோல் ஓடும் நுண்விரிசலில் ஏறிய பழுப்புக் கறையைப் போக்க ப்ளீச் போடாதீர்கள். உப்பு உள்ளே இறங்கி, காயும்போது படிகமாகி, பூச்சையே உரித்துவிடும். பழைய பூச்சில் ஈயம் உண்டு. அதில் புளிப்பு எதையும் பரிமாற வேண்டாம்.

நீலக்கிண்ணம்:
ஏலம் கேட்கும் முன் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 400 பவுண்டுக்கு முடிந்தால், வாங்குபவரிடம் ஏல நிலையம் எடுக்கும் கமிஷன் 25% என்றால் 100, அந்தக் கமிஷன்மேல் வாட் வரி 20% என்றால் 20, ஆக 520. தபால் தனி. கமிஷன் ஏல நிலையத்துக்கு நிலையம் மாறும், விதிமுறைப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். பட்டியலில் 'ஏ/எஃப்' என்று இருந்தால் உடைசலோ ஒட்டோ இருக்கிறது என்று அர்த்தம். பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் நிலை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

அனுப்பச் சொல்லும்போது தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தச் சொல்லுங்கள். பெட்டிக்குள் பெட்டி, நடுவே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடைவெளி, டீபாட் மூடி தனிப் பொட்டலம்.