வரிக்காகவா, அடிமைகளுக்காகவா? அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி ஒரு வாக்குவாதம்

பறளியாற்றான்:
ஞாயிற்றுக்கிழமை தக்கலைப் பக்கம் ஒரு நூலக விழாவுக்குப் போயிருந்தேன். மேடையில் ஒருவர், "அமெரிக்க உள்நாட்டுப் போர் அடிமை முறைக்காக நடந்ததே அல்ல. வடக்கு போட்ட இறக்குமதி வரியைத் தெற்கால் தாங்க முடியவில்லை, பிரிந்தது, அவ்வளவுதான்" என்று முழங்கினார். கைதட்டல் வேறு. அவர் சொன்ன வரி மாரில் சட்டத்தின் வரி, இறக்குமதி வரியை உயர்த்திய சட்டம். அதில் ஜனாதிபதி கையெழுத்திட்டது 1861 மார்ச் 2ஆம் தேதி. தென் கரோலினா பிரிந்தது 1860 டிசம்பர் 20. பிப்ரவரி 1க்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டன. பிறக்காத சட்டத்துக்குப் பயந்தா வீட்டைக் காலி செய்தார்கள்?

வில்லுக்குறி வாத்தியார்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். மாரில் மசோதா கீழவையில் நிறைவேறியது 1860 மே 10. அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர். 1832லேயே வரிக்காக, மத்திய அரசின் சட்டம் எங்கள் மண்ணில் செல்லாது என்று அறிவித்த மாநிலம் தென் கரோலினா. வரலாறு டிசம்பர் மாதத்தில் தொடங்குவதில்லை, தம்பி.

பறளியாற்றான்:
வாத்தியார் ஐயாவா! மேடையில் கண்ணாடி இல்லாமல் இருந்தீர்கள், அடையாளம் தெரியவில்லை. கண்ணாடி இருந்திருந்தால் செனட் என்று ஒரு அவை இருப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கீழவையில் நிறைவேறிய மசோதா செனட்டில் கிடப்பில் கிடந்தது. தெற்கு உறுப்பினர்கள் நாற்காலியைக் காலி செய்த பிறகுதான் நிறைவேறியது. உட்கார்ந்திருந்தால் அவர்களே தோற்கடித்திருக்கலாம். அப்போது நடப்பில் இருந்த 1857ஆம் ஆண்டு வரிச் சட்டமோ தெற்கும் கை தூக்கி ஆதரித்த குறைந்த வரி.

பிரிந்தவர்கள் ஏன் பிரிந்தோம் என்று பிரகடனம் எழுதிவைத்துவிட்டுத்தான் போனார்கள். மிசிசிப்பிக்காரர்கள் எடுத்த எடுப்பிலேயே, தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுமையாகப் பிணைந்தது என்கிறார்கள். தென் கரோலினாவோ ஓடிப்போன அடிமைகளை வடக்கு பிடித்துத் தரவில்லை என்று அழுகிறது. இரண்டிலும் இறக்குமதி வரியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதீர்கள்.

தோவாளைப் பூ:
தெற்கு பிரிந்தது "மாநில உரிமை"க்காக, "மாநில உரிமை"க்காக என்கிறார்களே, எந்த உரிமை என்று முதலில் வரையறுத்துக்கொண்டு பேசலாமா? 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வடக்கு மாநிலங்களின் மீது மத்திய அரசை ஏவியது தெற்குதானே?

குளச்சல் கடற்காற்று:
பறளியாற்றான் ஆதாரம் கேட்கும் அழகைப் பாருங்கள். போன முறை திருவிதாங்கூர்ப் படைத் தளபதி டி லனாயின் கல்லறையைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் கொண்டுபோய் வைத்தவர் இவர். அது உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது, அண்ணாச்சி. இங்கிருந்து சைக்கிளிலேயே போகலாம்.

பறளியாற்றான்:
அது அவசரத்தில் தட்டியது. கல்லறை எங்கே இருந்தாலும் மார்ச் 2 மார்ச் 2தான்.

வில்லுக்குறி வாத்தியார்:
மே 10ஆம் தேதியும் மே 10தான். ஜார்ஜியாவின் பிரகடனத்தைப் படித்தீரா? அதில் வரி வருகிறது. வடக்கின் ஆலைகளுக்குச் சலுகை என்று விரிவாக வருகிறது. லிங்கன் 1862 ஆகஸ்ட் 22 அன்று பத்திரிகை ஆசிரியர் கிரீலிக்கு எழுதிய கடிதமும் இருக்கிறது. ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடியுமானால் அப்படியே செய்வேன் என்று அவரே எழுதுகிறார். இதற்கு என்ன பதில்?

பறளியாற்றான்:
படித்தேன். நீங்கள்தான் பாதியில் மூடிவைத்துவிட்டீர்கள். 1846ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அந்த வரி வழக்கு தங்களுக்குச் சாதகமாகத் தீர்ந்துவிட்டது என்று ஜார்ஜியாக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பிரகடனம் முழுக்க அடிமை, அடிமை, அடிமை.

கிரீலி கடிதத்தை எழுதும்போது அடிமை விடுதலைப் பிரகடனத்தின் வரைவு லிங்கனின் மேசையில் தயாராக இருந்தது. ஜூலையிலேயே அமைச்சர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டார். அது ஒருபுறம் இருக்கட்டும். லிங்கன் எதற்குப் போரிட்டார் என்பது ஒரு கேள்வி. தெற்கு எதற்குப் பிரிந்தது என்பது வேறு கேள்வி. நான் கேட்டது இரண்டாவது. தெற்கின் துணை ஜனாதிபதி ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவானாவில் பேசினார். புதிய அரசின் மூலைக்கல்லே, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல என்ற உண்மைதான் என்றார். வரி மூலைக்கல் என்று சொல்லவில்லையே! 1860 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 40 லட்சம் அடிமைகள். மிசிசிப்பியிலும் தென் கரோலினாவிலும் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அவர்கள்தான். இதையும் மேடையில் சொன்னீர்களா? சொல்லவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

குளச்சல் கடற்காற்று:
மார்ச்சும் மேயும் இருக்கட்டும். 1856 மே 22ஐப் பாருங்கள். அடிமை முறையைச் சாடிப் பேசிய வடக்கத்திய செனட்டர் சம்னர், செனட் அவையில் தன் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். தென் கரோலினாவின் கீழவை உறுப்பினர் புரூக்ஸ் கைத்தடியோடு வந்து மண்டையில் அடிக்க ஆரம்பித்தார். மேசை தரையோடு திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருந்ததால் சம்னரால் எழ முடியவில்லை. மேசையையே பிடுங்கிக்கொண்டு எழுந்தார். தடி துண்டு துண்டாக உடையும்வரை புரூக்ஸ் விடவில்லை. பிறகு தெற்கிலிருந்து புரூக்ஸுக்குப் புதுத் தடிகள் பரிசாக வந்து குவிந்தன. 2021 ஜனவரி 6 அன்று அதே நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ஒருவன் தெற்கின் கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு உலவினான். ஒரு நாடு உடைவதை வரியை வைத்து அளக்காதீர்கள். தடிக்கு யார் கைதட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

வில்லுக்குறி வாத்தியார்:
தடிக்கதை எனக்கும் தெரியும். மே 10க்குப் பதில் வரவில்லை.

மார்த்தாண்டம் மறுமொழி:
பிரிந்து போவது என்றாலே பாவமா? கன்னியாகுமரிக்காரர்கள் நாமும் பிரிந்தவர்கள்தான். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியை உதறிவிட்டுத் தமிழகத்தோடு வரவில்லையா? அது உரிமைப் போராட்டம், அமெரிக்கத் தெற்கு செய்தால் மட்டும் துரோகமா?

பறளியாற்றான்:
வாயைக் கழுவிவிட்டு வாருங்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் யாரையும் அடிமையாக வைத்துக்கொள்ளும் உரிமைக்காகச் சாகவில்லை. அந்த இணைப்புப் போராட்டத்தின் தலைவர் மார்ஷல் நேசமணியையும் பருத்தித் தோட்ட முதலாளிகளையும் ஒரே தட்டில் வைக்க எப்படி மனம் வந்தது? நாம் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வந்தோம், நாட்டை உடைக்கவில்லை.

தோவாளைப் பூ:
உள்ளூருக்கே வந்துவிட்டோம் அல்லவா, 1859ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று பிரகடனம் செய்தார். கிறிஸ்தவப் பெண்களைப் போல ரவிக்கை போடலாம், மீனவர்களான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது. அதே ஆண்டு அக்டோபரில் அங்கே அடிமை முறையை எதிர்த்த ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கில் நுழைந்தார், டிசம்பர் 2 அன்று தூக்கிலிட்டார்கள். இங்கேயும் மேல்சாதிக்காரர்கள் "வழக்கம்", "பழக்கம்" என்றுதான் சொன்னார்கள். "அடக்குகிறோம்" என்று யாரும் சொல்லவில்லை. வரி என்பதும் அப்படி ஒரு போர்வைதானே? நான் கேட்ட வரையறை இன்னும் வரவில்லை.

குளச்சல் கடற்காற்று:
முக்குவப் பெண்களின் துணி முரட்டுத் துணி என்று யார் சொன்னது?

தோவாளைப் பூ:
பிரகடனம் சொன்னது. நான் அல்ல.

குளச்சல் கடற்காற்று:
பிரகடனம் சொன்னால் அப்படியே எடுத்துப் போட்டுவிடுவதா? எங்கள் பாட்டிமார் உடுத்தியது என்னவென்று பத்மநாபபுரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன தெரியும்?

பறளியாற்றான்:
1859இல் தலைநகரம் திருவனந்தபுரம். பத்மநாபபுரத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கல்லறைக்குக் கணக்குத் தீர்ந்தது.

மார்த்தாண்டம் மறுமொழி:
நேசமணி பெயரைச் சொல்லி வாயை அடைக்கலாம் என்று பார்க்காதீர்கள். தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்திலேயே விட்டுவிட்டு வந்தோமே, அதற்கு யார் பொறுப்பு?

பறளியாற்றான்:
அதற்கு வேறு இழை தொடங்குங்கள். இங்கே வாத்தியார் ஐயா ஜார்ஜியாவுக்குப் பதில் சொல்லட்டும்.

வில்லுக்குறி வாத்தியார்:
சொல்லியாயிற்று. மே 10.

பறளியாற்றான்:
கீழவையில். செனட்டில் எப்போது?

மார்த்தாண்டம் மறுமொழி:
நெய்யாற்றின்கரையையும் கேட்டோம். அதுவும் வரவில்லை.