புது செடியை விவரிச்சு ஆராய்ச்சிப் பேப்பர் போடும்போது இடத்தை சொல்லலாமா கூடாதா?

பொதிகைக்காரன்:
புது செடி கண்டுபிடிச்சு பேர் வைக்கறவங்க ஜிபிஎஸ் புள்ளி வரைக்கும் பேப்பர்ல போட்டுடறாங்க, அதுவும் ஒரே ஒரு பாறைச்சரிவுல மட்டும் இருக்கற செடிக்கு. இதை நிறுத்தணும்ங்கறது என் கருத்து. எங்க மலையையே எடுத்துக்கோங்க. அகத்தியமலைல பாபியோபெடிலம் ட்ரூரியைன்னு ஒரு ஸ்லிப்பர் ஆர்க்கிட் (செருப்பு மாதிரி பூ இருக்கற ஆர்க்கிட்), தென்னிந்தியாவுக்கே அது ஒண்ணுதான், 1865ல கர்னல் ட்ரூரி பார்த்தது. மஞ்சள் பூ, இதழ் நடுவுல கரும்பழுப்பா ஒரு கோடு ஓடும், பாறைக்கும் புல்லுக்கும் நடுவுல வெயில் படற இடத்துல நிக்கும். அப்புறம் ரொம்ப காலம் யார் கண்ணுலயும் படல, 1972ல திரும்ப கிடைச்சுது, விஷயம் வெளிய போச்சு, பிடுங்கி பிடுங்கி வித்தே காலி பண்ணிட்டாங்க. வியட்நாம்லயும் இதே கதைதான். 1999ல பேர் வச்ச பாபியோபெடிலம் வியட்நாமென்ஸ், சுண்ணாம்புப் பாறைல வளர்றது, சில வருஷத்துலயே காட்டுல ஒண்ணுகூட மிச்சம் இல்லையோன்னு சொல்ற நிலைமை. இதுக்கப்புறமும் அட்ரஸ் எழுதி குடுக்கணுமா?

ஈப்போ_ரவி:
அண்ணே, நீங்க சொல்றது ஆர்க்கிட்டுக்கு சரி. எல்லா செடியும் ஆர்க்கிட் இல்லையே. இங்க மலேசியாவுல பேராக்ல குனோங் கந்தான்னு ஒரு சுண்ணாம்பு மலை இருக்கு, சிமெண்டுக்காக ஒரு பக்கமா வெட்டிக்கிட்டே வர்றாங்க. 2014ல அங்கேர்ந்து மெய்யோகைன் கந்தானென்சிஸ்னு ஒரு புது செடியை விவரிச்சாங்க, சீத்தாப்பழ குடும்பம், பேர் வைக்கும்போதே அழியற நிலைல இருக்குன்னு சேர்த்தே எழுதினாங்க. வேற எந்த மலைலயும் இல்ல. இப்ப அந்த பேப்பர்ல "பேராக்ல எங்கேயோ"ன்னு மட்டும் போட்டிருந்தா அந்த மலைக்காக ஒருத்தர் வாய் திறக்க முடியுமா? பிடுங்கறவன் வர்றதுக்கு முன்னாடி இங்க வெடி வைக்கறவன் வந்துடறான்.

தும்பைப்பூ:
ரவி சொல்றதோட நான் ஒத்துப்போறேன். பாறைல வளர்ற காசித்தும்பை இனங்களை மேற்குத் தொடர்ச்சி மலைல பார்த்தவங்களுக்கு தெரியும், தண்ணி வழியற பாறைல பாசியோட ஒட்டி ஒரு சின்ன கிழங்கு, அடில ரெண்டு மூணு இலை, நடுவுல ஒரு தண்டு எழும்பி அதுல பூ. மழைக்காலத்துல மட்டும்தான் இவ்வளவும். மழை நின்னா இலையும் போயிடும், கிழங்கு மட்டும் இடுக்குல கிடக்கும். குவாரிக்கு சுற்றுச்சூழல் ஆய்வுன்னு ஏப்ரல்ல ஒருத்தர் வந்தா அவர் கண்ணுக்கு அது வெறும் மொட்டைப் பாறை, "தாவரம் எதுவும் இல்லை"ன்னு எழுதிட்டு போயிடுவார், அவர் பொய் சொன்னார்னுகூட சொல்ல முடியாது. அந்த நேரத்துல எதிர்த்து நீட்டறதுக்கு கைல இருக்கறது அச்சான பேப்பர் ஒண்ணுதான், அதுல இடம் இல்லேன்னா அதுவும் இல்ல.

பொதிகைக்காரன்:
சகோ, இடத்தை யாருக்குமே சொல்லாதீங்கன்னு நான் சொல்லலையே. வனத்துறைக்கு குடுங்க, ஹெர்பேரியத்துல (காய வச்ச செடிகளைச் சேர்த்து வைக்கற இடம்) குடுங்க, ஊருக்கெல்லாம் ஏன்னுதான் கேக்கறேன். ஒரு பேர் செல்லுபடியாக என்ன வேணும்? லத்தீன்லயோ இங்கிலீஷ்லயோ விவரிப்பு, ஹோலோடைப், அதாவது அந்த பேருக்கு ஆதாரமா வைக்கற மாதிரிச் செடி, எது, அது எந்த ஹெர்பேரியத்துல இருக்கு. பெயரிடல் விதில ஜிபிஎஸ் புள்ளி கேக்கவே இல்ல. ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்துலகூட அழியற இனம்னா புள்ளியை தானாவே கலைச்சு, சுமார் 22 கிமீ சதுரத்துக்குள்ள எங்கேயோன்னு காட்டுது. பொதுமக்கள் பதிவு போடற தளத்துக்கு இருக்கற எச்சரிக்கை ஆராய்ச்சிப் பேப்பருக்கு இருக்கக் கூடாதா? பெரு நாட்டுல 2002ல ஃப்ராக்மிபீடியம் கோவாச்சிஐன்னு இன்னொரு ஸ்லிப்பர் ஆர்க்கிட் வந்தப்போ என்ன ஆச்சு பாருங்க, கை அகலத்துக்கு ஊதாப்பூ, கேள்விப்பட்டதும் கூட்டம் போய் முதல்ல தெரிஞ்ச இடத்தையே துடைச்சிட்டாங்க.

தும்பைப்பூ:
அந்த கோவாச்சிஐ கதை உங்க கட்சிக்கு உதவாது. அந்த செடி பேர் வைக்கறதுக்கு முன்னாடியே ரோட்டோரக் கடைல விலைக்கு இருந்துச்சு, அதை வெளிய கொண்டு போன அமெரிக்காக்காரர் வாங்கினதே அங்கதான், அனுமதி இல்லாம ஃப்ளோரிடாவுக்கு கொண்டு போய் கோர்ட் கேஸ் ஆனதும் அதனாலதான். ஆக வியாபாரிக்கு இடம் முதல்லயே தெரியும், தெரியாம இருந்தது ஆராய்ச்சி பண்றவங்களுக்குத்தான். மறைச்சா யார்கிட்டேர்ந்து மறைக்கறீங்க?

இன்னொண்ணு, பழைய வெள்ளைக்காரங்க சேகரிச்ச செடி ஒட்டின தாள்ல வெறும் "திருநெல்வேலி மலை"ன்னு மட்டும் இருக்கும். கோயம்புத்தூர்ல இருக்கற மெட்ராஸ் ஹெர்பேரியத்துல அந்த மாதிரி தாளை வச்சுக்கிட்டு எந்த மலைன்னு தேடி அலையறவங்க கஷ்டம் எனக்கு தெரியும். இப்ப எழுதறவங்களும் வேணும்னே அப்படி எழுதினா, முப்பது வருஷம் கழிச்சு போய் எண்ணிப் பார்க்கணும்னு நினைக்கறவங்க எங்க போவாங்க? வளர்ந்த செடி 50க்கு கீழன்னா ஐயூசிஎன்ங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட கணக்குல மிக ஆபத்தான நிலை, சரி, அந்த 50ஐ இன்னொருத்தர் சரிபார்க்க வேண்டாமா?

நீலகிரி_மாமா:
ஆஸ்திரேலியாவுல உல்லமி பைன் விஷயத்தை யாருமே சொல்லலையே. 1994ல சிட்னிக்கு வடமேற்க மணற்பாறைப் பள்ளத்தாக்குல கிடைச்ச மரம், வளர்ந்தது நூறுக்கும் கீழ, இடம் இன்னிக்கு வரைக்கும் ரகசியம். கூடவே நர்சரில பெருக்கி 2005-06லேர்ந்து மக்களுக்கு வித்தாங்க, கடைல கிடைக்கும்போது காட்டுல போய் ஏன் திருடணும். 2019-20ல பெரிய காட்டுத்தீ வந்தப்போ பார்க் துறைக்கு இடம் தெரிஞ்சதால மேலேர்ந்து தீத்தடுப்பு மருந்து கொட்டி, தண்ணிக் குழாய் போட்டு காப்பாத்திட்டாங்க. பொதிகை தம்பி சொல்ற வழி நடைமுறைல நடந்திருக்கு.

தும்பைப்பூ:
மாமா, அந்த ரகசிய இடத்துலதான் 2005ல வேரழுகல் நோயும் வந்துச்சு, அனுமதி இல்லாம போனவங்க பூட்ஸ் மண்ணுல வந்திருக்கும்னுதான் சொன்னாங்க. ரகசியம்னாலே ஓட்டை இருக்கும்.

ஈப்போ_ரவி:
அதோட அங்க தேசியப் பூங்கா, பாதுகாக்கற துறையும் இடத்தை வச்சிருக்கற துறையும் ஒண்ணு. இங்க நிலம் மாநில அரசு கைல, குவாரி குத்தகையும் அவங்கதான் தர்றாங்க. தமிழ்நாட்டுல கல்குவாரி குத்தகை மாவட்ட கலெக்டர் ஆபீஸ்லதானே போகுது? ஒரு துறைகிட்ட ரகசியமா குடுத்த புள்ளி இன்னொரு துறை டேபிளுக்கு போகும்னு என்ன உத்தரவாதம் இருக்கு? குத்தகை கையெழுத்தான பிறகு "அங்க ஒரு அபூர்வ செடி இருந்துச்சே"ன்னு ஃபைல்ல கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம். பேப்பர்ல இருந்தா ஊர்க்காரன் எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்கு போகலாம். அண்ணே, செடியைப் பிடுங்கினாக்கூட பாறை அங்கேயே இருக்கும், உங்க ட்ரூரியையை கேரளாவுல பாலோடு தாவரவியல் பூங்கால பெருக்கி திரும்ப நட்டாங்களே. கந்தான்ல வெட்டிட்டா எதுல நடறது?

பொதிகைக்காரன்:
குவாரி விஷயம் நியாயம் ரவி, அந்த மாதிரி மலைன்னா மலை பேரை கண்டிப்பா போடட்டும், இதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா மலை பேரே கேஸ் போட போதுமே, எந்த சரிவு, எத்தனை மீட்டர் உயரம், எந்த ஓடைக்கு மேலன்னு எதுக்கு? ஸ்லிப்பர் ஆர்க்கிட் எல்லாம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல பேர் சொல்லி சேர்த்திருக்கு, இருந்தும் விக்கறவன் விக்கறான். திரும்ப நட்டதைப் பத்தி சொன்னீங்கல்ல, நட்ட இடத்துக்கு எத்தனை காவலர் போட முடியும்?

தும்பைப்பூ:
மலை பேர் போதாது. குத்தகை சர்வே நம்பர் வாரியா போகுது, "அந்த செடி மலைக்கு மறுபக்கம் இருக்கு"ன்னு ஒரே வரில கேஸை முடிச்சிடுவாங்க. ஆர்க்கிட்டுக்கு வேணும்னா மறைங்க, காசித்தும்பைக்கும் புல்லுக்கும் மறைக்காதீங்க, அதை எவனும் திருட வரப்போறதில்ல.

பொதிகைக்காரன்:
காசித்தும்பைக்கும் வெளிநாட்டுல ஆள் இருக்காங்க அக்கா, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வளர்க்கறதுக்கு. நீங்க சொன்ன அந்த கிழங்கு வகைக்கே தேவை இருக்கு, காய்ஞ்ச கிழங்கை பாக்கெட்ல போட்டு அனுப்பிடலாம், ஆர்க்கிட்டைவிட சுலபம்.